மாசி மகத் தண்ணீர் குடித்த மெஷின்

நோட்டின் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு எட்டு வருஷம் ஆகிறது. சுழிக்குக் கீழே ஒரு வரிகூட ஏறவில்லை. ஒவ்வொரு வருஷமும் மாசி மகம் வரும்போது நோட்டை எடுப்பேன், பேனாவை உதறிப் பார்ப்பேன், திரும்பவும் சாமி படத்துக்குக் கீழேயே வைத்துவிடுவேன். எழுத வராது என்பது ஒரு காரணம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் அது நானே எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம். நிஜக் காரணம் வெட்கம். தண்ணீர் அடித்துத் தரை கழுவுகிற ஒரு மெஷினைப் பற்றி எழுதுவதில் என்ன வெட்கம் என்று கேட்பீர்கள். முழுசும் படித்தால் தெரிந்துவிடும்.

எங்கள் வீடு கருவடிக்குப்பத்தில். முன்பக்கம் சின்னது, பின்பக்கம் பெரியது. பின்வாசல் படியிலிருந்து துளசி மாடம் வரைக்கும் பதினாறு அடி சிமெண்ட் தரை. மாடத்துக்கு ஒரு முழம் தள்ளி, மழைத் தண்ணீர் தெருச் சாக்கடைக்குப் போகிற ஓட்டை. தரை முழுக்க அந்த ஓட்டையைப் பார்த்துச் சரிவாக இருக்கும். கல்யாணம் ஆன மறுநாளிலிருந்து என் வீட்டுக்காரி காலையில் குளித்ததும் ஒரு சொம்புத் தண்ணீரோடு அந்தப் பதினாறு அடி நடப்பாள். ஊற்றுவாள், சுற்றுவாள், விளக்கேற்றுவாள். அதற்கு அப்புறம்தான் எங்கள் வீட்டில் அடுப்பு பற்றும்.

ஐப்பசி மழையில் அந்தத் தரை பாசி பிடிக்கும். வருஷா வருஷம் பிடிக்கிறதுதான். அந்த வருஷம் மழை நிற்காமல் பெய்ததில் பச்சை போய்க் கறுப்பே ஆகிவிட்டது.

"என்னாங்க, அந்தத் தரையைக் கொஞ்சம் தேய்ச்சி வுடுங்க. கால் வெக்கவே பயமா இருக்குது."

"ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்."

மில் வேலை போன பிறகு சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தேன். பெரிய எவர்சில்வர் தொட்டிகளைக் கழுவுகிற வேலை. வாரம் முழுக்கக் கழுவிவிட்டு வீட்டுக்கு வந்தால், இன்னொரு தரையைக் கழுவ உடம்பு வளையாது. அப்படி மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது. கார்த்திகை பிறந்த முதல் வெள்ளிக்கிழமை, சொம்போடு போனவள் பாதி வழியில் வழுக்கி விழுந்தாள். சொம்பு உருண்டு ஓட்டைப் பக்கம் போய் நின்ற சத்தம்தான் எனக்கு முதலில் கேட்டது. கணுக்காலில் இரண்டு இடத்தில் எலும்பு விட்டுப்போயிருந்தது. பிளேட் வைத்துத் திருகினார்கள்.

பொங்கலுக்கு அவள் கோல் ஊன்றி நடந்தாள். அதற்கப்புறம் கோல் இல்லாமலும் நடந்தாள். தெருமுனை வரைக்கும் போனாள், ரேஷன் கடை வரிசையில் நின்றாள், கோயிலை மூன்று சுற்று சுற்றினாள். பின்வாசல் படியை மட்டும் தாண்ட மாட்டேன் என்றுவிட்டாள். படியில் நிற்பாள், நிலையைப் பிடித்துக்கொள்வாள், ஒரு காலைக் கீழே நீட்டுவாள், எடுத்துக்கொள்வாள். முகம் வெளுத்துப்போகும். அதனால் துளசிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை எனக்கு வந்தது. அவள் வாசலில் நின்றபடி நடத்துவாள்.

"வேருல ஊத்துங்க. இலை மேல ஊத்தறீங்களே, தலைக்குக் குளிப்பாட்டறீங்களா?"

"ஊத்திட்டேன், போதுமா?"

"திரியத் தூண்டுங்க. அய்ய, விரலால இல்ல! அந்தக் குச்சி எதுக்கு வெச்சிருக்குது?"

ஒருநாள் நான் சொன்னேன், மாடத்தையே உள்பக்கம் படிக்கிட்டக் கட்டிடலாம், செடியை நகர்த்திடலாம் என்று. அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"செடிய எதுக்கு நவுத்தணும்? அது எங்கியும் வுழுலயே."

அன்றைக்கு சாயங்காலம் தெருமுனை அம்மன் முன்னால் நின்று வேண்டிக்கொண்டேன். தாயே, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அவ தன் காலால நடந்து போயி ஒரு சொம்புத் தண்ணி ஊத்தணும். அவ விழுந்தது என் சோம்பேறித்தனத்துல. அதை நீதான் சரிபண்ணணும் என்று.

அம்மனிடம் சொன்னதோடு நிற்காமல் நானும் தேய்த்தேன். பிளீச்சிங் பவுடர் போட்டு, தேங்காய் நார் பிரஷ்ஷால் இரண்டு நாள் தேய்த்தேன். பாசி போன மாதிரி இருந்தது. அவள் படியில் உட்கார்ந்து, கட்டைவிரலால் தரையை ஒரு இழுப்பு இழுத்தாள்.

"வழுக்குது."

சிமெண்டில் இருக்கிற சின்னச் சின்னக் குழிக்குள் பாசி உயிரோடு இருந்தது. இதில் பிளீச்சிங் தண்ணீர் மாடத்துப் பக்கம் ஓடி, துளசி பாதி மஞ்சளாகிப் போனது. அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது தனி. மருந்து ஆகாது, வெறும் தண்ணீரின் வேகத்திலேயே பெயர வேண்டும் என்று அப்போது புரிந்தது. கம்பெனியில் தொட்டி கழுவ அப்படி ஒரு மெஷின் உண்டு. வீட்டுக்கு ஒன்று வாங்கினால் என்ன என்று தோன்றியது அப்படித்தான்.

இந்த இடத்தில் பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்லியாக வேண்டும். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவர் ஒரு சொல்தா. என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். காலையில் மதில் சுவர் மேலே முகத்தை வைத்து "போன்ழூர் தம்பி" என்பார். நான் "வணக்கம் அண்ணே" என்பேன். அவ்வளவுதான், பொழுது விடிந்துவிட்டது என்று அர்த்தம். அவர் மகள் பிரான்சிலிருந்து அனுப்பின கரண்டு மெஷின் ஒன்று அவரிடம் இருந்தது. கையடக்கமாகப் பொம்மை மாதிரி இருக்கும். அதைத்தான் முதலில் இரவல் வாங்கிப் பார்த்தேன். பின்பக்கம் பிளக் கிடையாது. சமையலறையிலிருந்து ஒயர் இழுத்து, ஈரத்தில் நின்றுகொண்டு பிடித்தேன். கையில் சுருக்கென்றது.

"விடு தம்பி, விடு! ஒரு தரைக்கு ஒரு காலு போனது போதும்" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார்.

அதனால் பெட்ரோல் மெஷின் என்று முடிவு செய்தேன். ஒயர் இல்லை, ஷாக் இல்லை. சத்தமும் புகையும்தான். திறந்த வெளியில் வைத்து ஓட்டினால் புகை அது பாட்டுக்குப் போய்விடும். வீட்டுக்குள்ளோ ஷெட்டுக்குள்ளோ வைத்து மட்டும் ஓட்டக் கூடாது.

கம்பெனி மெயின்டெனன்ஸ் மேஸ்திரியிடம் கேட்டேன். அவர் பேச்சில் பாதி வசவு, மீதி ஞானம்.

"கடைக்காரன் பாரு பாருன்னு காட்டுவான், தண்ணி வேகம் எத்தினி பாருன்னு. அதப் பாத்து வாயப் பொளக்காத. ஒரு நிமிஷத்துக்கு எத்தினி லிட்டர் குடிக்குதுன்னு கேளு. உங்க வூட்டுக் கொழாயில அவ்ளோ வருதா?"

"அது எப்படி அளக்கறது?"

"பக்கெட்டு இல்ல உங்க வூட்டுல? கடியாரம் இல்ல?"

அளந்தேன். எங்கள் குழாயில் ஒரு பக்கெட் நிறைய நாலு நிமிஷம் ஆனது. மெஷினோ இரண்டு நிமிஷத்துக்குள் ஒரு பக்கெட்டைக் குடித்துவிடும். தண்ணீர் பற்றாமல் ஓடினால் பம்ப் காற்றை மென்று கெட்டுப்போகும். அதனால் ஒரு பெரிய டிரம் வாங்கி, நாலு கல் வைத்து உயர்த்தி, அதன் அடியிலிருந்து மெஷினுக்கு ஹோஸ் கொடுக்கிறதாகத் திட்டம். டிரம்மை நிரப்ப சொல்தா தன் வீட்டு ஆழ்குழாய் போரிலிருந்து மதில் சுவர் மேலாக ஒரு பச்சை ஹோஸைத் தூக்கிப் போட்டார். எங்கள் பக்கமெல்லாம் கடல் உப்பு ஏறிக்கொண்டிருக்கிற பூமி. அவர் போர் மட்டும் இளநீர் மாதிரி இருக்கும். அதில் அவருக்கு ரொம்பப் பெருமை. வருகிறவர்களுக்கெல்லாம் காப்பிக்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, குடிக்கிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

கடையில் எனக்கு முதலில் காட்டினது யானை மாதிரி ஒன்று.

"இத எடுங்க சார். லாரியே வெள்ளையாயிடும்."

"எங்கிட்ட லாரி இல்லிங்க. பதினாறு அடி தரைதான் இருக்குது."

"நாளைக்கு லாரி வாங்குனா?"

"வாங்குனா அன்னிக்கு வரேன்."

கடைசியில் நடுத்தரமாக ஒன்று எடுத்தேன். பம்பின் தலை பித்தளையாக இருக்கிறதா, எண்ணெய் குறைந்தால் இன்ஜின் தானே நிற்கிறதா, சக்கரம் பெரியதா என்று மேஸ்திரி சொன்ன மூன்றையும் பார்த்தேன். ஸ்பேர் கிடைக்குமா என்று கேட்டதற்கு மட்டும், வெளியூரிலிருந்து வர வேண்டும், ஒரு மாசம் ஆகும் என்றார்கள். அதைக் காதில் போட்டுக்கொண்டேன், மனசில் போட்டுக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பின்வாசல் படிகிட்டே உருட்டிவந்து நிறுத்தினேன். அவள் படியிலிருந்தே குனிந்து பெட்ரோல் டேங்கில் சந்தனம் வைத்தாள், குங்குமம் வைத்தாள். நான் சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினேன். சொல்தா சுவர் மேலே இருந்து, "அதுக்குப் பேரு வெக்கலியா?" என்றார்.

மெஷினோடு குழாய் நுனியில் மாட்ட ஐந்து மூக்கு கொடுப்பார்கள், கலர் கலராக. சிவப்பு மூக்கில் தண்ணீர் ஊசி மாதிரி வரும். மஞ்சள், பச்சை, வெள்ளை என்று போகப் போக விசிறி மாதிரி விரியும். கறுப்பு, சோப்புக்கு. இது எனக்கு அப்போது தெரியாது. சிவப்பு ரொம்ப ராசியான கலர் என்று அதை மாட்டி அழுத்தினேன். கறுத்துக் கிடந்த தரையில் விரல் கனத்துக்கு வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது. பலப்பத்தால் இழுத்த மாதிரி. பயந்து கையை எடுத்தேன். வாசலில் சிரிப்புச் சத்தம். கார்த்திகைக்கு அப்புறம் அவள் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

"கோலப்பொடிய கையால தொடாத மனுசன் கோடு போடறாரு, பாருங்கண்ணே!" என்றாள் சுவரைப் பார்த்து.

"போட்டது போட்டுட்ட, முழுசாப் போட்டுடு தம்பி" என்றார் அவர்.

அவள் சொல்லச் சொல்ல நான் போட்டேன். பச்சை மூக்குக்கு மாற்றி, குழாயை உயர்த்திப் பிடித்து, மெதுவாக. "வளைச்சிக் கொண்டாங்க... இன்னும்... புள்ளிய வுட்டுட்டீங்க, புள்ளிய வுட்டுட்டீங்க!" பாசியில் வெள்ளையாக ஒரு தாமரை. ஒரு இதழ் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. அதை அழிக்க எங்கள் மூன்று பேருக்குமே மனசு வரவில்லை. இரண்டு நாள் அப்படியே விட்டுவிட்டுத்தான் மிச்சத் தரையைக் கழுவினேன். தரை புதுசாகப் போட்ட மாதிரி ஆனது. துளசியும் துளிர்த்தது.

அவள் படியில் நின்றாள். காலை நீட்டினாள். எடுத்துக்கொண்டாள்.

"வழுக்கலங்க. தெரியுது. ஆனா காலு போ மாட்டேங்குது" என்று அழுதாள்.

அதற்கப்புறம் சனிக்கிழமை சனிக்கிழமை மெஷின் எடுக்கிறது பழக்கமானது. அந்தச் சனிக்கிழமைகளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மூக்கில் பெட்ரோல் வாசனையும் ஈர மண் வாசனையும் சேர்ந்து வருகிறது. முதலில் எண்ணெய் அளவு பார்ப்பேன். தண்ணீர் உள்ளே போகிற இடத்துச் சின்ன வலையைக் கழற்றி ஊதுவேன். சொல்தாவைக் கூப்பிடுவேன், பச்சை ஹோஸ் சீறும், டிரம் நிறையும். இன்ஜினைத் தொடுவதற்கு முன்னால் தண்ணீர் பீய்ச்சுகிற துப்பாக்கியை அழுத்தி, காற்றெல்லாம் போய்த் தண்ணீர் கம்பியாக வருகிற வரைக்கும் விடுவேன். பிறகுதான் சோக் போட்டுக் கயிற்றை இழுக்கிறது. இன்ஜின் ஓடும்போது துப்பாக்கியிலிருந்து கையை எடுத்துவிட்டு ஊர்க்கதை பேசிக்கொண்டு நிற்கக் கூடாது. தண்ணீர் போக வழியில்லாமல் பம்புக்குள்ளேயே சுற்றிச் சூடேறும். முடிந்ததும் பெட்ரோல் பைப்பை மூடி, அதுவாக நிற்கிற வரைக்கும் விட்டால் கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் தங்காது. கடைசியில் இன்னொரு முறை துப்பாக்கியை அழுத்தி உள்ளே இருக்கிற வேகத்தை விட வேண்டும். இதெல்லாவற்றையும்விட மேஸ்திரி அழுத்திச் சொன்னது ஒன்று: எந்தத் தண்ணீரில் ஓட்டினாலும் கடைசி இரண்டு நிமிஷம் நல்ல தண்ணீர் விட்டு பம்பைக் கழுவு.

எல்லாம் செய்தேன். ஒரே ஒரு நாள் தவிர.

மாசி மகம் வந்தது. எங்கள் ஊரில் அது எப்படி என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். எந்தெந்த ஊர் சாமியெல்லாமோ வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வந்து வரிசையாக நிற்கும். நான் கூட்டத்தில் நின்று தீர்த்தவாரி பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது மனசில் ஒன்று தோன்றியது. இத்தனை தெய்வம் முங்கின தண்ணீர். இந்தத் தண்ணீரால் அந்தப் பதினாறு அடியையும் கழுவினால் அவள் கால் வைக்காமல் எங்கே போவாள்? வீட்டுக்கு வந்து, இருபது லிட்டர் கேன் இரண்டு எடுத்துக்கொண்டு திரும்பவும் ஓடினேன். முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று நிரப்பினேன். குருசுக்குப்பத்து மீன்காரம்மா ஒருத்தி பார்த்துவிட்டு, "இன்னாண்ணா, ஊட்டுலயே கடல் வெக்கப் போறியா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நாற்பது லிட்டரையும் டிரம்மில் ஊற்றினேன். வெள்ளை மூக்கு மாட்டி, மந்திரம் தெரியாததால் அம்மா அம்மா என்று சொல்லிக்கொண்டே தரை முழுக்க அடித்தேன். பக்கத்து வீடு பூட்டியிருந்தது. வீட்டுக்காரி கோயிலில் இருந்தாள். யாரும் பார்க்கவில்லை. முடிந்தபோது மேஸ்திரி சொன்னது ஞாபகம் வந்தது. வராமல் இல்லை. ஆனால் தரையில் ஓடினது ஓடிவிட்டது, உள்ளே மிச்சம் நிற்கிற சாமி தீர்த்தத்தையும் வேறு தண்ணீர் விட்டு அலசிச் சாக்கடைக்கு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. அது பாவம் என்று தோன்றியது. தீர்த்தம் உள்ளேயே இருக்கட்டும், மெஷினுக்கும் நல்லது என்று துணி போட்டு மூடிவிட்டேன்.

மறுநாள் தரை காய்ந்து, மெல்லிசாக உப்புப் பூத்திருந்தது. அவள் படியிலிருந்து பார்த்துவிட்டு, "இது இன்னாங்க, வெள்ளையா?" என்றாள். வெயில் என்று சொல்லிச் சமாளித்து, பெருக்கிக் கழுவிவிட்டேன். அவள் கால் வைக்கவில்லை. என் வேண்டுதலை அம்மன் கேட்கவில்லை என்று நினைத்தேன்.

அடுத்த இரண்டு சனிக்கிழமையும் கம்பெனியில் ஓவர்டைம். மூன்றாவது வாரம் மெஷினை எடுத்துக் கயிற்றை இழுத்தேன். ஒரு அங்குலம் வரவில்லை. சுவரில் அடித்த ஆணியை இழுக்கிற மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தரை நடுவில் சாக்கு விரித்து உட்கார்ந்தேன். பம்பை இன்ஜினிலிருந்து கழற்றினேன். கயிறு சும்மா வந்தது. அப்போ கோளாறு பம்பில்தான். பித்தளைத் தலையைத் திறக்கப் பார்த்தால் போல்ட்டெல்லாம் பச்சைப் பூத்திருந்தது. அதற்குள் ஆறு சின்ன வால்வு இருக்கும். சட்டைப் பொத்தான் அளவு, ஒவ்வொன்றுக்கும் மயிரிழை மாதிரி ஒரு ஸ்பிரிங். வெளி மூடிகளைத் திருகி ஐந்தை எடுத்து டிபன் பாக்ஸ் மூடியில் வைத்தேன். ஆறாவது வரவில்லை. தலையை ஸ்குரூ டிரைவரால் நெம்பினேன். அது திடீரென்று கிளம்பிவிட்டது. உள்ளே அழுந்திக் கிடக்கிற பெரிய ஸ்பிரிங்கெல்லாம் எகிறாமல் இருக்க, இரண்டு கையாலும் தலையை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த அதிர்ச்சியில் ஆறாவது வால்வு துள்ளித் தரையில் விழுந்தது. விழுந்து, உருள ஆரம்பித்தது.

சரிவான தரை என்று சொன்னேன் இல்லையா. நேராக ஓட்டையைப் பார்த்துப் போனது.

"ஐயோ, வால்வு! வால்வு போவுது!"

"எங்க?" என்று படியிலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள்.

"மாடத்துக்கிட்ட! ஓட்டையில வுழுந்தா முடிஞ்சிது, ஒரு மாசம் ஆவும்!"

"எழுந்துப் புடிங்களேன்!"

"கையெடுத்தா எல்லாம் எகிறிடும்டி!"

அவள் ஓடினாள். சத்தியமாகச் சொல்கிறேன், நடக்கவில்லை, ஓடினாள். புடவையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, என்னைத் தாண்டி, அந்தத் தரையின் மேல், வெறுங்காலோடு. ஓட்டைக்கு அரையடி முன்னால் குனிந்து அமுக்கிப் பிடித்தாள். நிமிர்ந்து, "கெடச்சிடுச்சி!" என்று கையை உயர்த்திக் காட்டினாள். அப்புறம்தான் தான் எங்கே நிற்கிறோம் என்று பார்த்தாள். கையெட்டும் தூரத்தில் துளசி மாடம். நான் பம்பை அமுக்கியபடி உட்கார்ந்திருந்தேன். அவள் மாடத்தைத் தொட்டாள். செடியைத் தடவினாள்.

"காஞ்சி கெடக்குது" என்றாள். "என்னாத்த ஊத்துனீங்க இத்தினி நாளா?"

அவளே நடந்து போய் சொம்பு எடுத்துவந்தாள். அவளே நடந்து திரும்பிப் போய் ஊற்றினாள், வேரில். நான் அழுதேன். கண்ணைத் துடைக்க ஒரு கையை எடுத்தேன். பம்பின் தலை வழுக்கி, ஸ்பிரிங் மூன்றும் மூன்று பக்கம் எகிறி, உள்ளே இருந்த எண்ணெய் பூராவும் அந்தச் சுத்தமான தரையில் கொட்டியது.

அவள் திரும்பிப் பார்த்தாள். "இப்ப இதுல யாரு வழுக்கி வுழுவறது?"

அந்தக் கதை அங்கேயே முடிந்திருந்தால் நான் எட்டு வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை.

சத்தம் கேட்டு சொல்தா சுவர் மேலே முகத்தைக் காட்டினார். அவள் மாடத்துக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து, பிரெஞ்சில் என்னமோ சொல்லிக் கை தட்டினார். அப்புறம் என்னைப் பார்த்து, "மெஷினுக்கு என்ன ஆச்சி தம்பி?" என்றார். அவளும் திரும்பி, "ஆமா, நல்லா ஓடிகினு இருந்துதே, எப்படி இறுகிப் போச்சி?" என்றாள்.

சாமி தீர்த்தத்தை ஊற்றினேன், அதில் கெட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்போதுதான் நடந்திருக்கிறாள். தீர்த்தம் பட்டுக் கெட்டது என்றால் அபசகுனம் என்று திரும்பவும் படி ஏறிவிடுவாளோ என்று பயம். தெருவில் அம்மனைக் கேலி பண்ணுவார்களோ என்றும் பயம். முட்டாள் என்று என்னைச் சிரிப்பார்கள் என்பதும் இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

"உப்புத் தண்ணி" என்றேன். "போர் தண்ணியில உப்பு ஏறிடுச்சி போல."

சொல்தாவின் முகம் சுவருக்குப் பின்னால் இறங்கிப் போனது. ஐந்து நிமிஷத்தில் வாசல் வழியாகவே வந்தார். கையில் ஒரு கண்ணாடி டம்ளர், நிறையத் தண்ணீர்.

"குடிச்சிப் பாரு தம்பி. இது உப்பா?"

குடித்தேன். இளநீர் மாதிரி இருந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லேசா இருக்குதுண்ணே" என்றேன்.

அவர் டம்ளரை வாங்கிக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் பச்சை ஹோஸ் சுவருக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. சண்டை எதுவும் இல்லை. "போன்ழூர் தம்பி" கூடத் தினமும் வந்தது. ஆனால் வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதை அவர் நிறுத்திவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். கேன் தண்ணீர் வாங்க ஆரம்பித்துவிட்டாராம். ஆனாலும் போய்ச் சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். தரை தேய்க்கச் சொன்னபோது தள்ளினேன் இல்லையா, அதே மாதிரி.

அம்மனுக்குக் கெட்ட பேர் வரக் கூடாது என்று ஒரு நல்ல மனுஷன் தண்ணீருக்குக் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்தேன். அம்மனுக்கு என் காவல் எதற்கு? நான் கேட்டதைத்தான் அவள் கொடுத்துவிட்டாளே. என் தப்பையே வழியாக வைத்துக் கொடுத்தாள். அதை அப்படியே வெளியே சொல்வதுதான் நான் செலுத்த வேண்டிய நேர்த்தி என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

இரண்டு வருஷம் கழித்து சொல்தா தன் மகளோடு இருக்க பிரான்சுக்குப் போனார். வீட்டை விற்றுவிட்டார். போகிற அன்றைக்குப் பச்சை ஹோஸைச் சுருட்டி எடுத்துவந்து என் கையில் கொடுத்தார்.

"வெச்சிக்க தம்பி. இனிமே இதுல உப்பு வராது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "ஒ ரெவ்வார்" என்று விடைபெற்று, என் கன்னத்தில் தட்டிவிட்டுப் போனார். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

இப்போது அந்த வீட்டில் வாரக் கடைசிக்கு வருகிறவர்கள் தங்குகிறார்கள். நீச்சல் தொட்டி கட்டியிருக்கிறார்கள். சுவர் மேலே யார் முகமும் வருவதில்லை. என் மெஷின் நன்றாகவே இருக்கிறது. ஒரு மாசம் காத்திருந்து சீல் எல்லாம் மாற்றி, ஆறு வால்வையும் போட்டு ஓட வைத்தேன். சனிக்கிழமை எடுக்கும்போது, இன்ஜின் சத்தத்துக்கு நடுவில் "பேரு வெக்கலியா" என்று ஒரு குரல் கேட்கிற மாதிரி இருக்கும். நிறுத்திப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது.

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, துளசிக்கு ஊற்றிவிட்டு வந்தவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேன் தூக்கினது, அலசாமல் விட்டது, டம்ளர் தண்ணீர், எல்லாம். அவள் சொம்பைக் கவிழ்த்து வைத்தாள்.

"எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? இந்தா, நானும் எட்டு வருசமா வரவங்க போறவங்ககிட்டல்லாம் அந்தத் தண்ணி உப்புன்னு சொல்லிகினு கெடந்தேன். அத யாரு போயி அலசறது?" என்றாள். அப்புறம், "அந்த நோட்டு எங்க?" என்று கேட்டு, சாமி படத்துக்குக் கீழே இருந்து அவளே எடுத்துவந்து என் முன்னால் போட்டாள்.

சொல்தாவின் போன் நம்பர் மாறிவிட்டது. எந்த ஊர் என்றும் தெரியாது. பிரான்சில் எங்கள் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இதைப் படிக்கிறவர்களுக்கு அங்கே சொந்தமோ சிநேகிதமோ இருந்தால், தயவுசெய்து இதை அவர்களுக்கு அனுப்புங்கள். அவர்கள் இன்னொருவருக்கு அனுப்பட்டும். எங்கேயாவது கருவடிக்குப்பத்து சொல்தா ஒருவர் கையில் போய்ச் சேரும். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நீளமாக இருக்கிறதென்று வெட்டாதீர்கள். அம்மன் அற்புதம் என்று அவள் ஓடின இடத்தை மட்டும் எடுத்து அனுப்பாதீர்கள். மெஷின் விவரம் மட்டும் போதும் என்று அதையும் தனியாகப் பிரிக்காதீர்கள். என் மேல் இரக்கப்பட்டு டம்ளர் தண்ணீரை எடுத்துவிடாதீர்கள், ஏனென்றால் அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். அண்ணே, உங்க தண்ணி நல்ல தண்ணி. நான் குடிச்ச அன்னிக்கும் அது நல்ல தண்ணியாத்தான் இருந்துச்சி.